மூணாவது கட்சிக்குப் போட்டா ஓட்டு வீணா?

"ரெண்டு கழகத்துல ஒண்ணுக்குப் போடு. மூணாவது ஆளுக்குப் போட்டா ஓட்டு வீண்." முதல் ஓட்டுப் போடப் போற எல்லாருக்கும் வீட்டுல கிடைக்கிற அறிவுரை. எனக்கும் கிடைச்சது. பி.காம். படிக்கிறவன் சும்மா இருப்பானா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம்ம மதுரையில் 2005 செப்டம்பர் 14 அன்று விஜயகாந்த் தேமுதிகவைத் தொடங்கினார். 2006 சட்டமன்றத் தேர்தலில் தனியாக நின்று வாங்கியது 8.38 சதவீதம். கிடைத்தது ஒரே இடம், விருத்தாசலத்தில் அவர் மட்டும். அதே தேர்தலில் திமுக கூட்டணியில் நின்ற பாமகவுக்கு 5.65 சதவீதம்தான், ஆனால் 18 இடங்கள்! தொகுதியில் முதலாவதாக வருபவருக்குத்தான் இடம். ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் ஓட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

அப்ப வீண்தானா? இல்லைங்க. 2011-ல் அந்த ஓட்டுக்காகத்தான் அதிமுக 41 தொகுதிகளை விட்டுக்கொடுத்தது. சதவீதம் 7.88 ஆகக் குறைந்தது, இடங்கள் 29 ஆனது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். எங்க அக்கவுண்டன்சியில் இதுக்குப் பேர் குட்வில். கண்ணுக்குத் தெரியாது, ஆனா விலை உண்டு.

சிக்கல் என்னன்னா, "ரெண்டு பேருமே வேண்டாம்"னு விழுந்த ஓட்டு அது. அதை அந்த ரெண்டு பேரில் ஒருத்தர்கிட்டயே வித்தாச்சு. வித்த குட்வில் திரும்ப வருமா? 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்றபோது 2.39 சதவீதம், பூஜ்யம் இடம். உளுந்தூர்பேட்டையில் தலைவருக்கே டெபாசிட் போச்சு.

அதனால மக்களே, வீணாப் போகும்னு பயந்து ஓட்டை மாத்திப் போடாதீங்க. ஆனா மூணாவதா வர்ற கட்சிகிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க: "நாளைக்கு இதை யார்கிட்ட விப்பீங்க?"