அண்ணனும் சாரும்

2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவை அவர்களுக்குரிய பாடங்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் பணி. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். மே மாதத்துக்கு அதுவும் இல்லை. என் பள்ளித்தோழன் அவர்களுள் ஒருவனாக, நாங்கள் படித்த சிறுநகரத்து உயர்நிலைப்பள்ளிக்கே ஓவிய ஆசிரியனாகச் சென்றான்.

அங்கு மணியடிக்கும் அலுவலக உதவியாளர் நாங்கள் மாணவர்களாயிருந்த காலத்தவர். எங்களை 'டேய்' என்று அதட்டியவர். தோழன் பணியில் சேர்ந்த அன்றே அவனை 'சார்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். இவனோ 'அண்ணே' என்பதை விடவில்லை. ஊதியத்தில் இந்தப் படிநிலை தலைகீழ். அவர் காலமுறை ஊதியம் பெறும் நிரந்தரப் பணியாளர். ஆகவே தேநீருக்குக் காசு கொடுப்பவர் எப்போதும் அவர்தான்.

ஏப்ரலின் கடைசி வேலைநாளில், இவன் கையொப்பமிடும் பதிவேட்டுக்குள் ஒரு பழுப்பு உறை இருக்கும். கேட்கும் சங்கடத்தை அவர் இவனுக்கு வைத்ததேயில்லை. ஜூலைக்குள் சிறுகச்சிறுகத் திருப்பித் தந்துவிடுவான். வறிய ஆசிரியர்களைப் பற்றி நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மணியடிப்பவரிடம் கடன்பட்ட ஆசிரியரை நான் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை.

2018இல் அவர் பணிநிறைவு பெற்றார். விழாவுக்கான கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதியவன் இவன்தான். தலைமையாசிரியர் தந்த வாசகத்தில் பெயரும் பதவியும் மட்டுமே இருந்தன. பெயருக்குப் பின் 'சார்' என்று சேர்த்தான்.

"அண்ணேன்னே எழுதியிருக்கலாமே, சார்" என்றாராம் அவர்.

அடுத்த மே மாதம் தோழன் சுவர் விளம்பரம் எழுதப் போனான்.