ஆள் மாறின கதை

வெள்ளி, இரவு

கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. ஜன்னலெல்லாம் தடதடக்கிற நேரத்தில் தங்கச்சியின் மகன் இரண்டு கூட்டாளிகளோடு வந்து நின்றான். குறும்படம் எடுக்கப்போகிறார்களாம், அதிரடித் திரில்லர். மட்டக்களப்பு வாவிக்குள் தோணியில் துரத்தல், பழைய கல்லடிப் பாலத்தில் துப்பாக்கிச் சண்டை, ஒல்லாந்தர் கோட்டை மதிலிலிருந்து ஒரு குதிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ட்ரோன்.

"காசு எவ்வளவு இரிக்கு மருமகன்?"

மூன்று பேரும் ஆளையாள் பார்த்தார்கள். "மாமா, முதல்ல இந்தப் படத்தப் பாருங்க, பிறகு கதைப்பம்" என்று லாப்டொப்பைத் திறந்து 'மாநகரம்' போட்டான். முடிய நடுச்சாமம் தாண்டிவிட்டது.

சனி

காலையிலும் படம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கி வேலையில் இருந்த லோகேஷ் கனகராஜ் இயக்கிய முதல் முழுநீளப் படம், 2017 மார்ச்சில் வந்தது. ஸ்ரீ, சந்தீப் கிஷன், ரெஜினா, சார்லி, முனீஸ்காந்த். முகத்தைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டுக் கூட்டம் சேர்க்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. முக்கியமான ஆட்கள் பலருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெரும்பகுதி சென்னையின் இரவு. இரவில் எடுப்பதில் ஒரு கெட்டித்தனம் உண்டு: காட்ட வசதியில்லாததை இருட்டு மறைத்துக்கொள்ளும், மீதியைத் தெருவிளக்கு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துவது ஆள்மாறாட்டம். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த பையனை வேறு ஒருவன் என்று நினைத்து அடித்துப்போடுகிறார்கள். சான்றிதழ்கள் இருந்த பை போய்விடுகிறது. இன்னொரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கடத்தப் போன கோஷ்டி பிழையான பிள்ளையைத் தூக்கிவிடுகிறது. அது பெரிய ரவுடி ஒருவனின் மகன். நாலு காரை வெடிக்கவைத்தாலும் வராத பதற்றம் இந்த இரண்டு பிசகிலும் சல்லிக்காசு செலவில்லாமல் வந்துவிடுகிறது. கடத்தத் தெரியாத கடத்தல்காரனாக முனீஸ்காந்த் முழிக்கிற முழி இருக்கிறதே, முழுப் படத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

படம் சறுக்குவதும் இதே இடத்தில்தான். ஒருதரம் ஆள் மாறினால் நம்புவோம். பிறகு எல்லோரும் வேண்டிய நேரத்தில் வேண்டிய சந்தியில் வந்து முட்டிக்கொண்டால், அத்தனை பெரிய சென்னை நம்முடைய ஆரையம்பதியைவிடச் சின்ன ஊராகிப்போகிறது. இரண்டு ஆண்களின் கதைக்கும் முடிச்சாக இருப்பதைத் தவிர ரெஜினாவுக்குப் பெரிய வேலை இல்லை. அசிட் காட்டி மிரட்டியவன் மீது கதாநாயகன் அசிட்டையே ஊற்றுகிறான். அதைக் கைதட்டலுக்குரிய காரியம்போலப் படம் கடந்துபோவது எனக்கு ஒட்டவில்லை.

பின்னணி இசையைப் பற்றியும் சொல்லவேண்டும். பல இடங்களில் ஆள் ஓடுவதற்கு முன்னமே இசை ஓடிவிடுகிறது. வடமோடிக் கூத்தில் இரண்டு அரசர்கள் போர் பொருதும்போது அண்ணாவியாரின் மத்தளம் ஆடுகிறவனின் காலைப் பார்த்தே விழும். களரியில் வெட்டவெளியும் இரண்டு வாளும் மட்டும்தான், சனம் விடியவிடிய குந்தியிருக்கும். மருமகனிடம் இதைச் சொன்னால் "கூத்துக் கதையத் தொடங்கிட்டீங்களா" என்பான். ஆனாலும் சொல்லுவேன்.

ஞாயிறு

பொடியன்களுக்கு இன்று என் பங்குக்கு 'எல் மரியாச்சி' காட்டினேன். ரொபேர்ட் ரொட்ரிகேஸ், 1992. எடுத்த செலவு ஏறத்தாழ 7,000 டொலர். அதில் ஒரு பகுதி, மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. கமராவைத் தள்ள வண்டி இல்லை, சக்கரநாற்காலியில் குந்திக்கொண்டு எடுத்தார். ஒலியைப் பிறகு தனியாகப் பதிந்ததால் உதடும் சொல்லும் பிசகும். பிசகுகிற இடத்தில் ஒரு நாயின் முகத்துக்கு வெட்டிவிடுவார். இயந்திரத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டால் ஒரு வெடியோடு சிக்கிக்கொள்ளும். ஆகவே அந்த ஒரு வெடியைப் பல கோணத்தில் எடுத்து அடுக்கி, மேலே சத்தத்தைப் போட்டுவிட்டார். பொடியன்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள்.

இங்கும் கதையை ஓட்டுவது ஆள்மாறாட்டம்தான். கறுப்பு உடுப்பும் கிற்றார்ப் பெட்டியுமாக ஒரு பாட்டுக்காரன். அதேபோல இன்னொரு பெட்டி நிறைய ஆயுதத்தோடு ஒரு கொலைகாரன். நடிப்பு பல இடத்தில் மரக்கட்டை. ஊரில் கண்டவரையெல்லாம் நிற்கவைத்தால் அப்படித்தான் வரும்.

"அப்ப நம்மளும் எடுக்கலாம்" என்றான் கூட்டாளி ஒருவன். எடுக்கலாம்தான். ஆனால் கொலம்பியா நிறுவனம் படத்தை வாங்கிய பிறகு, ஒலியைத் திருத்தி 35 மில்லிமீற்றருக்கு மாற்ற, எடுத்த செலவைப்போலப் பல மடங்கு கொட்டியது. தியேட்டரில் சனம் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். 7,000 டொலர்க் கதையைச் சொல்கிற பலர் இந்தப் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

செவ்வாய்

பின்னேரம் பழைய பாலத்தில் ஒத்திகை. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபின் இதில் பெரிய வாகனங்கள் இல்லை, படமெடுக்க வசதி. திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கிக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மருமகன் அதை இடுப்பிலிருந்து உருவி நீட்டினான். பாலத்துக்குக் கீழே வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். வலையை உதறாமல், மீனைப் பொறுக்காமல், அப்படியே சுருட்டித் தோணிக்குள் போட்டுவிட்டு, கம்பை ஊன்றி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் தள்ளத் தொடங்கினார். கூப்பிட்டுச் சொன்னோம், படமெடுக்கிறோம் என்று. கையை மட்டும் காட்டினார், திரும்பவில்லை.

பொடியன்களுக்கு விளங்கவில்லை. போர் முடிந்த 2009இல் அவர்கள் கைக்குழந்தைகள்.

பாலத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு, போர்க்காலத்தில் இராணுவம் செய்த சுற்றிவளைப்பைப் பற்றிச் சொன்னேன். ஊரையே பள்ளிக்கூட வளவுக்குக் கூப்பிடுவார்கள். வாகனத்துக்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவர் இருப்பார், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்கவேண்டும். அந்தத் தலை ஆடினால் ஆள் சரி. தலையாட்டி என்றுதான் சனம் சொல்லும். உள்ளே இருப்பவர் யார், அடிதாங்காமல் ஆட்டுகிறாரா, பழைய கோபத்தில் ஆட்டுகிறாரா, பெயர் ஒன்றாய் இருந்ததால் ஆட்டினாரா, ஒருவருக்கும் தெரியாது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

"ஆள் மாறிப்போற கதைக்கு நீ மெக்சிகோவுக்கும் சென்னைக்கும் போகத் தேவையில்ல மருமகன்" என்றேன்.

வியாழன்

மருமகன் திருத்திய கதையோடு வந்தான். துப்பாக்கி போய்விட்டது. கோட்டைக் குதிப்பும் போய்விட்டது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒருவன், படுவான்கரையில் அதே பெயரில் இன்னொருவன். ஒரே இரவு, ஒரு தோணி, கரையில் காத்திருக்கிற ஒரு டோர்ச் லைட். முகத்துக்கு வெளிச்சம் அடிக்கிறவனைக் கடைசிவரை காட்டப்போவதில்லையாம். அது அவனுடைய யோசனை, எனக்கு வரவில்லை.

குறை இல்லாமலில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே தோணியில் சந்திக்கிறார்கள். ஏன் சந்திக்கவேண்டும் என்று கேட்டேன். "கிளைமக்ஸ் வேணுமே மாமா" என்கிறான். லோகேஷும் 2019இல் 'கைதி'யை ஒரே இரவுக்குள் அடக்கி எவ்வளவு நன்றாகக் கொண்டுபோனார். முடிவில் கார்த்தியின் கையில் பெரிய இயந்திரத் துப்பாக்கி ஒன்று வந்துசேர்ந்தது. 2022இல் 'விக்ரம்' வந்தபோது அது பீரங்கியாகியிருந்தது. காசு கூடக்கூட ஆயுதமும் பெருக்கும்போலிருக்கிறது.

ட்ரோனை மட்டும் விடமாட்டானாம். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதியாத ட்ரோனை எழுப்பினால் பொலிஸ் வரும் என்றேன். பதிந்த ஒருவர் ஏறாவூரில் இருக்கிறாராம், ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்ட தொகையையும் சொன்னான். அந்தக் காசுக்கு நல்ல மைக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரவில் கம்பு தண்ணீருக்குள் இறங்குகிற சத்தத்தைப் பதிந்து வா என்றிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறான்.