வென்றவர் வரைந்த மலை

கென்ட் மாங்க்மன் 2013இல் வரைந்த ஓர் ஓவியத்தை இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கனடாவின் க்ரீ பழங்குடி ஓவியர் அவர். தலைப்பே ‘வரலாறு வென்றவர்களால் வரையப்படுகிறது’.

பனிமலை, ஏரி, மேகத்தினூடே இறங்கும் ஒளி. எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் தீட்டிய அமெரிக்க மேற்கு. அவர் படங்கள் பலவற்றில் நிலம் ஆளே இல்லாமல் காத்துக் கிடந்தது போலிருக்கும். அழகான பொய் அது.

மாங்க்மன் அந்தக் கரையில் உடை களைந்த குதிரைப்படை வீரர்களை வைக்கிறார். அவர்களுக்கு எதிரே தூரிகையோடு நிற்பது அவர் படைத்த பழங்குடிப் பாத்திரம், மிஸ் சீஃப். அவள் வரைவது மலையை அல்ல. 1876இல் லகோட்டா, செயேன் பழங்குடி மக்கள் அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் படையை முறியடித்த போரை!

ஓவியம் டென்வர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். மலையை அப்புறம் ரசிக்கலாம், முதலில் மிஸ் சீஃப் வரையும் அந்தச் சின்னத் திரைச்சீலையைப் பாருங்கள்.