சேணத்துக்கு அடியில்

வயிற்றுவார் இறுக்கும்போதே காதை மடக்கும். ஏறித் தட்டினால் நகராது. “திமிர் சார், ரெண்டு போடுங்க” என்றார் பயிற்சியாளர். போட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பெங்களூருக்கு வெளியே ஒரு லாயம், ஞாயிறு வகுப்பு. ஆபீசில் பக் வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பேன். குதிரையிடம் அது தோன்ற மூன்று மாதம் ஆனது. வெறும் முதுகோடு, நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டோம். தலையைத் தாழ்த்தி இலகுவாக ஓடியது. சேணத்தை மட்டும் கட்டியதும் நடை குறுகியது. ஆள் ஏறவேயில்லை.

குதிரை மருத்துவர் சூ டைசனும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட பட்டியலில் 24 நடத்தைகள். சவாரியில் 8 அல்லது மேலே தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம். என் பழைய வீடியோவில் 11 எண்ணினேன். வலி எங்கே என்று பட்டியல் சொல்லாது.

“முதுகைப் பாருங்க தம்பி” என்றார் லாயத்துப் பெரியவர். சவாரி முடிந்து சேணத்தை எடுத்தால் முதுகெல்லாம் வியர்வை, தோளுக்குப் பின்னால் மட்டும் இருபுறமும் உள்ளங்கை அகல உலர்ந்த திட்டு. அங்கேயே சில வெள்ளை முடிகள். விரலால் அழுத்தினேன். முதுகை உள்வாங்கி விலகியது.

சேணத்தின் முன்வளைவு குறுகல். அகலமானதை இரவல் வாங்கிக் கட்டினோம், தட்டியதும் நடந்தது. வார் இறுக்கும்போது காது இன்னும் மடங்குகிறது. பழக்கமா, மிச்ச வலியா? வியாழக்கிழமை டாக்டர் வருகிறார்.