அரெஸ்ஸோவின் பங்குக் கோவில்

தஸ்கனிப் பிரதேசத்துக் குன்றுச் சரிவிலுள்ள அரெஸ்ஸோ நகரத்துக்கு வருகிற யாத்ரீகரில் பெரும்பாலோர், பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் சுவர்ச் சித்திரங்களைத் தரிசிக்கும் ஆவலில் சான் பிரான்செஸ்கோ ஆலயத்தை நோக்கி விரைந்துவிடுகிறார்கள். நானோ மேடேறும் கடைத்தெருவில் நடந்து, சாந்தா மரியா பங்குக் கோவிலின் முன்னே நின்றுவிட்டேன்.

மேற்றிராணியாரின் பேராலயம் வெகுகாலம் மதிலுக்கு வெளியே பியோந்தா குன்றின்மேல் இருந்தது. 1203இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசெந்துவின் கட்டளைப்படிதான் அது நகருக்குள் வந்தது. ஆகவே ஊர்ச் சனங்களின் அபிமானமெல்லாம் இந்தப் பங்குக் கோவிலின்மீதே படிந்ததில் ஆச்சரியமில்லை.

தெரு குறுகலானதால் முகப்பைத் தூரத்தில் நின்று பார்க்க வழியில்லை. கழுத்தை வளைத்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அடிமட்டத்து வளைவுகளுக்கு மேலே மூன்று அடுக்குகள். முதலடுக்கில் 12, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 32 எனத் தூண்கள் மேலே போகப் போக நெருங்கி, பல ஊர்களிலிருந்து வந்து ஒரே பந்தியில் அமர்ந்துவிட்ட உறவினரைப்போல, முறுக்கியதும் முடிச்சிட்டதும் பட்டை தீட்டியதுமாக நிற்கின்றன. மேலடுக்கில் ஒன்று மனித உருவமே எடுத்திருக்கிறது. உச்சியில் முக்கோண முகடு கிடையாது. நேர்கோட்டில் முடிந்துவிடுகிற அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. நடுவாசலின் மேலே மார்க்கியோ என்ற சிற்பி 1216ஆம் ஆண்டைக் குறித்துத் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். வாசல் வளைவின் உட்புறத்தில் பன்னிரண்டு மாதங்களும், பழைய வர்ணம் இன்னும் ஒட்டியிருக்க, தத்தம் தொழிலோடு வீற்றிருக்கின்றன. இரட்டை முகத்தோடு ஜனவரியும் அங்கே இருக்கிறது.

இவ்வூரில் பிறந்த ஜார்ஜோ வசாரி, 16ஆம் நூற்றாண்டில் உட்புறத்தைத் தம் ரசனைக்கேற்ப மாற்றியமைத்துத் தம் குடும்பப் பீடத்தையும் நிறுவினார். 19ஆம் நூற்றாண்டுப் புனருத்தாரணக்காரர்களோ, ஆதிநிலையை மீட்கும் ஆவேசத்தில் அவருடைய கைவேலையை அகற்றி, பீடத்தையும் வேறு கோவிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பழமையின்மீது கொண்ட பக்தியும் சில சமயம் ஒருவகைச் சம்ஹாரமே.

நல்லவேளையாக, மேற்றிராணியார் குய்தோ தார்லாத்தி 1320இல் சியெனாவின் பியெத்ரோ லொரென்செத்தியிடம் செய்வித்த பலபலகைச் சித்திரம் பிரதான பீடத்தில் இருக்கிறது. பொன்தளத்தின் நடுவே தாயும் பாலகனும் நம்மைக் கவனியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாதாவின் மேலங்கியில் உள்ளே வெண்ரோமம் பொருத்தியிருப்பதைக்கூடச் சித்திரகாரர் விடவில்லை.

1330இல் முடிந்த மணிக்கூண்டை ஊரார் நூறு துளைக் கோபுரம் என்கிறார்கள். எண்ணினால் 40 இரட்டைச் சாளரங்கள், அதாவது 80 துளைகளே தேறும். மிச்ச 20 ஊர்ப் பெருமையின் வரவில் எழுதியவை.