பஞ்சிகாவத்தையில் ஒரு நாதப் பெட்டி

கொழும்பு மாநகரைக் காண வருவோர் காலிமுகத்திடலிலே கடற்காற்று வாங்குவர். நூதனசாலையைச் சுற்றிப் பார்ப்பர். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலே பிள்ளைகளுக்கு யானையைக் காட்டி மீள்வர். மருதானைப் பகுதியிலுள்ள பஞ்சிகாவத்தையை எவரும் காட்சிக்குரிய இடங்களுள் ஒன்றாக எண்ணுவதில்லை. ஆயினும், மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு அது தவிர்க்கவொண்ணாத யாத்திரைத் தலமாகும். வெளியூர்க் கடைகளிற் கிடையாத உதிரிப்பாகம் ஈற்றில் இங்கேதான் தேடப்படும்.

தெருவின் இருமருங்கும் கடைகள். ஒரு கடையின் முகப்பிலே வண்டிக் கதவுகள் மட்டும் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன, அடுத்ததிலே விளக்குகள், அதற்கடுத்ததிலே எண்ணெய் கசியும் எஞ்சின்கள். களவு போன காரின் பக்கக் கண்ணாடியைக் காண விரும்பினால் மறுநாட் காலை பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டும் என்று கொழும்புவாசிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்திற் கலந்து புரளப் பேரம் நடைபெறுகின்றது. இத்தனை இரைச்சலுக்கும் அண்மையிலே, 1911ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற டவர் மண்டபம் என்னும் பழைய சிங்கள நாடக அரங்கு நிற்கின்றது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலே, நடிகர் தம் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு கடைசி வரிசை வரையும் பாட்டைக் கொண்டு சேர்த்தனர்.

நாம் பஞ்சிகாவத்தைக்குச் சென்றது எம் மருமகனுக்குத் துணையாக. கிளிநொச்சியிலே வான் ஓட்டிப் பிழைப்பவன் அவன். தன் வானிலே சப்வூபர் எனப்படும் தாழ்சுருதி ஒலிபெருக்கியை அமைத்தற்கு ஒரு பெட்டி செய்விக்கவேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. கடைகளிலே செய்து முடித்த பெட்டிகள் உள்ளனவே, அவற்றுள் ஒன்றை வாங்கலாகாதோ என வினவினோம்.

"அது எல்லா வானுக்கும் பொது, மாமா. எனக்கு என்ர வானுக்கு அளவாய் வேணும்" என்றான்.

பாஸ் கேட்ட கேள்வி

பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றிலே, தகரக் கூரையின் கீழ் அந்தத் தச்சுக்கூடம் இருந்தது. தச்சரையும் மேசனையும் 'பாஸ்' என்று அழைத்தல் கொழும்பு வழக்கு. இவரும் எல்லோருக்கும் பாஸ். ஐம்பது வயதை அணுகியவர், காதின் மேலே பென்சில், மீசையிலே மரத்தூள். எம்மைக் கண்டதும், "வாங்க சேர், இருங்க" என்று கதிரையைத் துடைத்துத் தந்தார். மருமகன் காலந் தாழ்த்தாது தன் விருப்பத்தைச் சொன்னான்.

"ரெண்டு பதினைஞ்சு இஞ்சி போடவேணும், பாஸ். துளை வைச்ச பெட்டி. முன்னால போறவனுக்கும் கேக்கவேணும்."

பாஸ் அளவுநாடாவை எடுக்கவில்லை. "காலையில யாரை ஏத்துறீங்க, தம்பி?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடப் பிள்ளையள். சனி ஞாயிறிலதான் கலியாண ஓட்டம்."

"போற வழியில ரயில் பாதை இருக்கா?"

"இருக்கு. ரெண்டு இடத்தில கடக்கவேணும்."

"ரெண்டுலயும் கேட் இருக்கா?"

மருமகன் சற்றுத் தாமதித்தே விடையளித்தான். "ஒண்டில இல்லை."

இக்கேள்வியின் பாரத்தை வடபகுதியார் நன்கு உணர்வர். 1990ஆம் ஆண்டிலே நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014ஆம் ஆண்டிலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்திலே ஒரு தலைமுறை புகையிரதத்தின் ஊதல் ஒலியை அறியாமலே அங்கு வளர்ந்தது. மீண்டு வந்த புகையிரதமோ வேகம் மிக்கது. காவலற்ற கடவைகளிலே உயிர்கள் பறிபோன செய்திகளை நாம் வாசித்திருக்கின்றோம். படலை இல்லாத கடவையிலே சாரதியின் கண்ணும் காதுமே படலை.

"பெரிசா செய்றது லேசு. எனக்குக் கூலியும் கூட வரும்" என்றார் பாஸ். "ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள ஹோன் கேக்காது. ஒரு பன்னிரண்டு இஞ்சி போதும். மூடின பெட்டி. பாட்டு நல்லா இருக்கும். வெளியில உள்ளதும் கேக்கும்."

பாஸ் கூறியதிலே பௌதிகவியல் உண்மை ஒன்று அடங்கியிருக்கின்றது. உரத்த தாழொலியானது, தன்னிலும் உயர்ந்த மீடிறன் கொண்ட ஒலிகளையும் காதிலே மறைத்துவிடும் இயல்புடையது. மருமகன் முகம் வாடிற்று. எனினும் மறுத்துரைத்தானல்லன். பாஸ் அளவுநாடாவை எடுத்தார்.

பெட்டி எதற்கு?

ஒலிபெருக்கிக்குப் பெட்டி வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று அமுங்குகின்றது. அதே கணத்திலே பின்புறக் காற்று தளர்கின்றது. தாழ்ந்த ஒலிகளைப் பொறுத்தவரை, இவ்விரண்டும் கூம்பின் விளிம்பைச் சுற்றி ஒன்றையொன்று சந்தித்து அழித்துக்கொள்ளும். ஆகவே பெட்டியிலே பொருத்தாத சப்வூபர் துடிதுடிக்குமேயன்றி ஒலியாது. பின்புற அலையை முன்புற அலையோடு சேரவிடாது பிரித்து வைத்தலே பெட்டியின் முதற்கடமை.

முற்றாக மூடிய பெட்டிக்கு இரண்டாவது கடமையும் உண்டு. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்லாக அமைந்து, தள்ளியதை மீட்டு இழுக்கின்றது. இக்கருத்தை 1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஒலிபெருக்கியாகச் செய்து காட்டியவர் எட்கார் வில்ச்சர் என்பார். அவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்திலே ஒலியியல் கற்பித்த ஆசிரியர். அவருடைய வகுப்பிலே பயின்ற ஹென்றி குளொஸ் என்னும் மாணவரே அவரோடு கூட்டுச் சேர்ந்து அவ்வொலிபெருக்கியைத் தயாரித்தார். அதுவரை பெரும் அலுமாரிகளுக்குள் இருந்த தாழ்சுருதி, புத்தக அடுக்கிலே வைக்கத்தக்க சிறு பெட்டிக்குள் புகுந்தது. வகுப்பறையிலே சொல்லும் பாடம் எங்கே போய்ச் சேரும் என்பதை ஆசிரியத் தொழிலோர் நினைந்து மகிழ்தற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மருமகன் முதலிற் கேட்ட துளைப் பெட்டி வேறு வகையினது. வெறும் போத்தலின் வாயிலே ஊதினால் ஒரு நாதம் பிறக்கின்றதன்றோ? போத்தலிலுள்ள காற்று வில்லாகவும், கழுத்திலுள்ள காற்று பாரமாகவும் நின்று ஆடுவதால் எழும் பரிவு அது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலே இதனை ஆராய்ந்தார். துளைப் பெட்டியின் குழாய் அப்போத்தற் கழுத்தே. 50 லீற்றர் பெட்டியை 35 ஹேட்ஸ் மீடிறனுக்குச் சுருதி சேர்க்க, 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய் ஏறக்குறைய 32 சென்ரிமீற்றர் நீளம் இருத்தல் வேண்டும். இத்தகைய பெட்டி உரத்து ஒலிக்கும். ஆனால் இடமும் கூடுதலாகப் பிடிக்கும்.

பலகையும் கணக்கும்

எவ்வொலிபெருக்கிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை முற்காலத்தார் பெரிதும் செய்து பார்த்தே அறிந்தனர். அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள் அதனைக் கணக்காக்கின. சப்வூபரோடு வரும் கடதாசியிலே அவ்விருவர் பெயராலும் வழங்கும் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். பாஸ் அவற்றைத் தம் கைத்தொலைபேசியிலே பதிந்தார். "30 லீற்றர்" என்றார்.

இனி, மாணவர் கவனிக்கவேண்டிய கணக்கு. பெட்டியின் வெளியளவு 40, 36, 32 சென்ரிமீற்றர். இவற்றைப் பெருக்கினால் 46 லீற்றருக்குச் சற்று மேல் வரும். ஆனால் எம்.டி.எப். பலகையின் தடிப்பு 18 மில்லிமீற்றர். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரு பலகை எனக் கழித்தால் உள்ளளவு 36.4, 32.4, 28.4, கனவளவு 33.5 லீற்றர். ஒலிபெருக்கியின் பின்பாகம் அடைக்கும் இடம் 2 லீற்றர், குறுக்குச் சட்டங்கள் அடைக்கும் இடம் 1.5 லீற்றர் போக, எஞ்சுவது 30. பலகையின் தடிப்பை மறந்தவன் நான்கிலொரு பங்குக்கு மேற்பட்ட காற்றை மறந்தவனாவான்.

முகமூடி அணிந்தே பாஸ் பலகையை அறுத்தார். எம்.டி.எப். பலகையின் நுண்தூள் நுரையீரலுக்குப் பகை. பலகை பிளவாதபடி முதலிலே சிறு துளையிட்டு, மூட்டெங்கும் பசை பூசித் திருகாணியால் இறுக்கினார். ஒலிபெருக்கி அமரும் வட்டத்தை வெட்டியபின், உள்மூட்டுகள் யாவற்றையும் சிலிக்கன் பசையால் அடைத்தார். உள்ளே குறுக்குச் சட்டம் ஏன் என்றோம். "பலகை ஆடக்கூடாது சேர். கூம்பு மட்டும்தான் ஆடணும்" என்பது விடை. வீணையிலும் மிருதங்கத்திலும் மரமே உடன்பாட வேண்டும். இங்கோ மரம் மௌனங் காத்தல் வேண்டும். இரண்டும் தச்சர் வேலைதாம். ஆனால் நோக்கம் வேறு.

மறுநாள் பசை உலர்ந்தபின் பரீட்சை நிகழ்ந்தது. ஒலிபெருக்கியைப் பூட்டி, தாழ்ந்த நாதம் ஒன்றை ஒலிக்கவிட்டு, எரியும் ஊதுபத்தி ஒன்றை மூட்டுகளின் அருகே மெல்ல நகர்த்தினார். மூன்று மூலைகளிலே புகை நேராக எழுந்தது, நான்காவதிலே நடுங்கிற்று. கண்ணுக்குப் புலனாகாத அவ்விடைவெளியைப் புகை காட்டிக்கொடுத்தது. மீண்டும் அடைத்து, மீண்டும் பார்த்து, புகை அசையாத பின்னரே பெட்டியின் மேல் கம்பளத் துணியை ஒட்டினார்.

வானுக்குள்ளே

ஒலிபெருக்கியும் பெட்டியுமாகப் பாரம் ஏறக்குறைய 17 கிலோகிராம். திடீரெனத் தடை போட்டால் அது பிள்ளைகள் மேல் எறிபடும் கல்லாகும். ஆகையால் பின்னாசனத்தின் பின்னே, தளத்தோடு இரும்புப் பட்டிகளால் முடுக்கினார். 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து 500 வாற்று அம்ப்ளிபையர் இழுக்கும் மின்னோட்டம் 40 அம்பியருக்கும் மேற்படும். கம்பி எங்கேனும் உரசித் தேய்ந்தால் வண்டி தீப்பற்றும். அதற்கான உருகியை மின்கலத்துக்கு அருகிலேயே பூட்டினார். "உருகியைத் தூரத்தில வச்சா, அதுக்கு முந்தின கம்பிக்கு யாரு காவல்?" என்றார்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியைச் சாரதியின் இடக்கைக்கு எட்டும்படி வைத்து, அதிலே வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடிட்டார். பள்ளி நாட்களிலே அக்கோட்டைத் தாண்டலாகாது. தொழிலாளரின் செவியைக் காப்பதற்கு வகுக்கப்பட்ட விதியொன்றின்படி, 85 டெசிபெல் ஒலியிலே நாளொன்றுக்கு 8 மணிநேரம் இருக்கலாம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லிலே எஞ்சுவது கால் மணிநேரமே. வளரும் பிள்ளைகளின் செவிக்கு இதனினும் கூடிய கவனம் வேண்டுமன்றோ?

பின்னர் கதவுகளைச் சாத்தி, நாதசுர இசை ஒன்றை ஒலிக்கவிட்டார். அளவிற் சிறிய அப்பெட்டியிலிருந்து தவிலின் தொப்பிப் பக்கத்து நாதம் உருண்டு திரண்டு எழுந்தது. 35 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 10 மீற்றர். வானின் நீளம் அதிற் பாதி. அலை முழுதாய் விரிய இடமின்மையால், வண்டிக்குள் அடைபட்ட காற்று முழுவதும் ஒருங்கே அமுங்கித் தளர்ந்து அவ்வொலியை வலுப்படுத்துகின்றது. சிறு பெட்டி வண்டிக்குப் போதுமாவதன் காரணம் இதுவே. அவ்வேளை மருதானைப் பக்கத்திலிருந்து புகையிரதம் ஒன்று ஊதிற்று. இசையின் நடுவே அவ்வூதல் தெளிவாகக் கேட்டது. மருமகன் பாஸைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. பேசியபடியே கூலியைக் குறையாது கொடுத்தான்.

பெரிய பெட்டி செய்து கூடிய கூலி பெற்றிருக்கக்கூடிய ஒருவர், வண்டியில் ஏறும் பிள்ளைகள் யார் என்று முதலிற் கேட்டார். பல்கலைக்கழகங்களிலே பிறந்த கணக்கு பஞ்சிகாவத்தை ஒழுங்கை வரை வந்திருப்பது வியப்பே. அக்கணக்கைப் போடுமுன் கேட்கவேண்டிய கேள்வியையும் அறிந்தவர் அங்கே இருப்பது அதனினும் சிறப்பு. கொழும்புக்குச் செல்லும் மாணவர், நூதனசாலையைப் பார்த்த பின்னர் அரை நாளை மிச்சம் பிடித்து அத்தெருவுக்கும் ஒருமுறை சென்று வருவாராக.