துணை மீன்

சண்டை மீன் வளர்ப்பவனைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அது தனியாகவா இருக்கிறது? ஐயோ பாவம்! ஒரு பெண் மீனை வாங்கி விட்டால் என்ன?" என்பதுதான் அது. மணமாகாத வாலிபர்கள் நிறைந்த மாணவர் விடுதியில் இக்கேள்வி சற்று அதிகமான இரக்கத்தோடு கேட்கப்படுவதில் வியப்பில்லை அல்லவா?

என் அறையில் இருக்கும் தம்பி தஞ்சைப் பக்கத்துப் பிள்ளை. கொல்கத்தாவுக்கு வந்து நான்கு மாதந்தான் ஆகியிருந்தது. வங்காளி தெரியாது; இந்தியும் அரைகுறை. காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குப் போய்க் கருநீல நிறத்தில் ஓர் ஆண் பெட்டாவை வாங்கி வந்தான். இரவில் அதனோடு தமிழில் பேசிக்கொண்டிருப்பான். மூன்றாம் வாரம் "ஜோடி" என்று சொல்லி விற்ற ஒருவரிடம் ஒரு பெண் மீனையும் வாங்கி, நான் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் ஆணின் தொட்டியிலேயே விட்டுவிட்டான்.

"அண்ணா, ஓடி வாருங்கள்! எத்தனை சந்தோஷம் பாருங்கள்!" என்று கூவினான். ஆண் மீன் செவுள் மூடிகளை விரித்து, துடுப்புகளை விசிறி போலப் பரப்பி, பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்வைக்கு நாட்டியமேதான். கால் மணி நேரத்தில் பெண்ணின் வால் கிழிந்து, அது வடிகட்டியின் பின்னே ஒண்டிக் கிடந்தது. குவளையால் மொண்டு குளியல் வாளியில் விட்டேன். தம்பியின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"எனக்குக் குஞ்சு ஒன்றும் வேண்டாம் அண்ணா. இரண்டும் சும்மா சேர்ந்து இருந்தால் போதும்" என்றான்.

இந்தச் 'சும்மா சேர்ந்து இருத்தல்' அம்மீனின் வாழ்க்கையிலேயே கிடையாது. பிரிவைப் பொறுக்காத அன்றில் பறவை அன்று அது. தாய்லாந்தின் ஆழமற்ற சதுப்பிலும் வயல் நீரிலும் ஒவ்வோர் ஆணும் ஓரிடத்தைத் தனதாக்கிக்கொள்ளும். நீர்ப்பரப்பில் வாயால் குமிழி ஊதி நுரைக் கூடு கட்டும். பெண் வரும், கூட்டின் கீழ் ஆண் அதை வளைத்துத் தழுவும், உதிரும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். அத்தோடு உறவு முடிந்தது! முட்டைக்கு ஆபத்தென்று அதே பெண்ணைத் துரத்தத் தொடங்கும். வயலிலே பெண் ஓடிவிடலாம். முப்பது லிட்டர் கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவது?

குஞ்சு வேண்டாதவர்கள் தினமும் நுரைக் கூட்டைக் கலைத்துவிட்டால் போதும் என்று பக்கத்து அறைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். கூடு கலையும், கோபம் கலையாதே! இணை சேர மனமில்லாத பெண்தான் அதிகமாக அடிபடுகிறது.

தியோடர் கேன்டர் என்று ஒரு டேனிஷ் மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் இருந்தவர். சயாமில் மீன் சண்டை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசர் நல்ல வருவாய் பெறுகிறார் என்று 1849-இல் அவர் எழுதினார். எழுதியது வேறெங்கும் அன்று. இதே கொல்கத்தாவின் ஆசியாட்டிக் சொசைட்டி இதழில்தான். பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற பெயரை ரீகன் என்பவர் சூட்டியது 1910-இல். 2019-இல் தாய்லாந்து இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. இவ்வளவையும் சொன்னேன். "அப்படிப்பட்ட வம்சத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்?" என்று தம்பி முதன்முறையாகச் சிரித்தான்.

ஆனாலும் பெண் மீனைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே தொட்டிக்குப் பாகப்பிரிவினை செய்தோம். காலேஜ் தெருவில் ஃபைல்களின் முதுகில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டைகளும், பின்னல் வேலைக்கு விற்கும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் வலையும் வாங்கினோம். பட்டையைக் கண்ணாடியின் உட்புறம் நிறுத்தி அதன் பிளவில் வலையைச் செருகிவிட்டால் சுவர் தயார். ஒரு வலை போதாது. ஒன்றையொன்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஆண் நாள் முழுதும் விறைத்து நின்றே களைத்துப் போகும். இரண்டு வலைகளை விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே ஜாவா பாசியைத் திணித்தோம். நீர் ஓடும், பார்வை மட்டும் மங்கும். வலை மூடியைத் தொடும் உயரம் இருக்க வேண்டும், ஏனென்றால் இம்மீன்கள் தாவுவதில் சமர்த்தர்கள். குளிர்காலத்துக்கென வாங்கிய ஹீட்டர் வலையை ஒட்டி நின்று இரு வீட்டுக்கும் 26 டிகிரி அளிக்கிறது.

பெண்ணின் வால் மெல்ல வளர்ந்தது. ஆணோ பாசிச் சுவரின் மூலையிலேயே ஒரு பெரிய நுரைக் கூடு கட்டியது. அதற்குப் பெண் வேண்டுமென்பதே இல்லை. தனியாக இருக்கும் ஆணும் கட்டும். சில நாளில் பெண்ணின் உடலில் செங்குத்தாக வெளிர்க் கோடுகள் தோன்றின. முட்டைக்கு ஆயத்தம் என்பதற்கு அது அடையாளம்.

"அண்ணா, ஒரே ஒரு நாள் வலையை எடுத்துவிடட்டுமா?" என்றான் தம்பி.

"முந்நூறு குஞ்சு பிழைத்தால்?"

"நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம்."

"மூன்று மாதத்தில் ஆண் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனி வீடு வேண்டுமே. நூற்றைம்பது தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் உனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?"

கேட்டபின் அவன் பேசவில்லை. தொட்டிகளைப் பற்றித்தான் நான் கேட்டேன்; அவன் காதில் கடைசிப் பகுதி மட்டுமே விழுந்திருக்க வேண்டும். அன்று மாலை, நுரைக் கூடு யோசனை சொன்ன வங்காளி அன்பரின் அறைக்கு அவனை இழுத்துச் சென்றேன். அவரும் மீன் பைத்தியம். இருவரும் கையாலும் சைகையாலும் இரவு பத்து மணி வரை வாதாடினார்கள். இப்போது ஞாயிறு காலைகளில் சந்தைக்கு இருவருமாகப் போகிறார்கள், "கத்தோ?" என்று விலை கேட்குமளவுக்குத் தம்பியின் வங்காளி முன்னேறியிருக்கிறது.

போன வாரம் ஒரு காலையில் பெண் மீன் தன் பாகத்திலேயே முட்டைகளை உதிர்த்தது. ஆணின் தொடர்பில்லாத அவை பொரியப் போவதில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, வழக்கம்போல் மேலே வந்து தீனிக்கு வாயைத் திறந்தது. தம்பி இரண்டு மணித் தீனி போட்டான். சுவருக்கு அப்பாலும் இரண்டு போட்டுவிட்டு வகுப்புக்குப் புறப்பட்டான்.